‘ஐ7 கேமிங் பிசி’ன்னு விளம்பரம் பாத்தா உஷார்: 62,000 ரூபாய் போச்சு

பெட்டி வந்து நாலு நாள்தான் ஆகுது. கோவத்தோட எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

சமூக வலைத்தளப் பக்கத்துல ஆர்டர் எடுத்து, பிசி அசெம்பிள் பண்ணி கூரியர்ல அனுப்புற கடை. பேர் வேண்டாம். விளம்பரம் இதுதான்: “இன்டெல் ஐ7, 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, 62,000 ரூபாய்.” ஐ7ங்கிறது பிராசஸர், கம்ப்யூட்டரோட மூளை. ஆர்டிஎக்ஸ் 3060 படம் வரையுற கிராபிக்ஸ் கார்டு. நம்ப வெச்சது ஒரு வீடியோ. கிராபிக்ஸ் கார்டு டப்பாவை சீல் உடைச்சுக் காட்டினாங்க, மாட்டினாங்க, கலர் கலரா ஃபேன் சுத்துச்சு. “அண்ணா, ஐ7 போட்டிருக்கு, அஞ்சு வருஷத்துக்குக் கையே வைக்க வேண்டாம்”னு வாய்ஸ் நோட் வேற. உடனே 62,000 அனுப்பியாச்சு. அந்த வீடியோல பிராசஸரை ஒரு செகண்ட்கூடக் காட்டலங்கிறது பணம் போனப்புறம்தான் உறைச்சுது.

கார்டு அசல். அதுலதான் அவங்க சாமர்த்தியமே இருக்கு, எல்லாரும் கார்டைத்தானே பாப்பாங்க. உள்ளே உக்காந்திருக்கிறது ஐ7-2600. 2011-ல வந்த ரெண்டாம் தலைமுறை சிப்பு, அதே காலத்து டிடிஆர்3 ரேம், கம்பெனி பேரே இல்லாத எச்61 மதர்போர்டு. ஐ3, ஐ5, ஐ7ங்கிறதெல்லாம் ஒரே தலைமுறைக்குள்ள தரம் பிரிக்கிற பேர், அவ்வளவுதான். 2022-ல வந்த ஐ3-12100எஃப்புக்கும் அதே 4 கோர் (கணக்குப் போடுற பகுதி), 8 த்ரெட் (ஒரே நேரத்துல ஓடுற வேலை)தான். ஆனா கேம்ல இந்தப் பழைய ஐ7 அது பக்கத்துலகூட நிக்க முடியாது.

ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (திரையில மாறி மாறி வர்ற ஒவ்வொரு படம்) கணக்கைப் பிராசஸர் முடிச்சுக் கொடுத்தாத்தான் கார்டு படம் வரையும். இங்கே பிராசஸர் 100 சதவீதத்துல மூச்சு வாங்குது, கார்டு 45 சதவீதத்துல சும்மா கெடக்கு. 1080பில படத் தரத்தை உச்சத்துல, அல்ட்ரா வெச்சா செகண்டுக்கு 42 ஃப்ரேம், லோ வெச்சா 44. செட்டிங்ஸைக் குறைச்சும் ஃப்ரேம் ஏறலன்னா குத்தம் பெரும்பாலும் பிராசஸர் பக்கம்தான். இன்னொண்ணு, ஏவிஎக்ஸ்2 (கணக்கை வேகமாப் போட வைக்கிற கட்டளைத் தொகுப்பு) இந்தச் சிப்புல கிடையாது. இன்டெல் அதை 2013-ல நாலாம் தலைமுறையிலதான் கொண்டு வந்தாங்க. அது கட்டாயம்னு கேக்குற கேம் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11-ஐயும் குறுக்கு வழில ஏத்தியிருக்காங்க. அது கேக்குற பாதுகாப்பு வசதி டிபிஎம் 2.0 இல்ல, அதனால வேலோரன்ட் கேம் உள்ளேயே விடல.

கேட்டதுக்கு முதல் நாள், “டிரைவர் அப்டேட் பண்ணுங்கண்ணா.” அடுத்த நாள், “செட்டிங்ஸைக் குறைங்க.” ஸ்கிரீன்ஷாட் அனுப்பினதும் “ஐ7 கேட்டீங்க, ஐ7தான் குடுத்திருக்கோம்.” அப்புறம் ரெண்டு நீல டிக், பதில் இல்ல. 62,000 ரூபாய்க்கு நீல டிக்!

என்னென்ன பாத்து வாங்கணும்னு விலாவாரியா எழுத நெனச்சேன். இப்போதைக்கு இவ்வளவுதான் முடியுது.

பில்லுல பிராசஸரோட முழு மாடல் நம்பர் இருக்கணும். எனக்கு வந்த பில்லுல “கேமிங் பிசி – 1”னு மட்டும்தான் இருக்கு.

பேக் பண்றதுக்கு முன்னாடி டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து, பிராசஸர் பேரோட வீடியோ கேளுங்க. கூடவே பத்து நிமிஷம் கேம் ஓடணும். ஹை செட்டிங்ஸ்ல கார்டு 90 சதவீதத்துக்கு மேல வேலை செஞ்சா பிராசஸர்-கார்டு ஜோடி சரி.

3060-க்கு ஏஎம்டி கம்பெனியோட ரைசன் 5 5600 பிராசஸர் இல்லேன்னா இன்டெல் ஐ5-12400எஃப் போதும், ரெண்டுமே 6 கோர், 12 த்ரெட். (இது ரெண்டுலயும் உள் கிராபிக்ஸ் கிடையாது, கார்டு போச்சுன்னா திரையும் போச்சு.) 3060-லயே 8 ஜிபி ஒண்ணு இருக்கு, அதோட மெமரி பஸ் (கார்டு மெமரிக்குப் போற பாதையோட அகலம்) 128 பிட்தான், 12 ஜிபிக்கு 192. “12 ஜிபி”ங்கிறதும் பில்லுல வரணும்.

பெட்டி வந்ததும் சுவிட்ச் போடாதீங்க, பக்கவாட்டு மூடியைக் கழட்டிப் பாருங்க. இந்தக் கார்டு 170 வாட் இழுக்கும். பவர் சப்ளைல 8 பின் ஒயர் இல்லாம மோலெக்ஸ் (பழைய 4 பின் ஒயர்) கன்வெர்ட்டர் போட்டு ஒட்டியிருந்தா அப்படியே திருப்பி அனுப்புங்க, ஒயர் உருகும். எனக்கு வந்ததுல அதுவும் இருந்துச்சு.

1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசப் போறேன். வாய்ஸ் நோட்டை மட்டும் அழிக்காம வெச்சிருக்கேன்.