21ஆவது மாடி வீடு: 14 மாதம் குடியிருந்த பிறகு

28 மாடிக் கட்டடம். அதில் 21ஆவது மாடியில், கிழக்கும் தெற்கும் பார்த்த இரண்டு படுக்கையறை வீடு. அம்மாவும் நானும் வாடகைக்கு வந்து 14 மாதம் ஆகிறது. இந்த வாரம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நல்லது கெட்டது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். உயரமான கட்டடத்தில் வீடு தேடிக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படும்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், என் பார்வையே அதிலிருந்து வந்ததுதான். 16 வருடமாகக் கட்டுமான சைட்டுகளில் கான்கிரீட் தரச் சோதனை பார்க்கிறேன். லாரியில் வருகிற கான்கிரீட்டைக் கூம்பில் நிரப்பி, கூம்பை எடுத்ததும் எவ்வளவு சரிகிறது என்று அளப்பது, கியூப் போட்டு எடுத்து வைப்பது, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் அவற்றை மெஷினில் நசுக்கிப் பார்ப்பது. கியூபின் ஒரு பக்கம் 15 சென்டிமீட்டர்தான், ஒரு சாண்கூட வராது. சதுர மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் பலம் வேண்டும் என்று கேட்டிருந்தால், அந்தச் சின்னக் கட்டி 90 டன்னுக்கு மேல் தாங்க வேண்டும். இப்படிப் பல உயரக் கட்டடங்கள் எழும்போது கூடவே நின்றிருக்கிறேன். ஆனால் அவற்றில் ஒன்றில்கூடக் குடியிருந்ததில்லை. இதுதான் முதல் தடவை.

வீடு பார்க்க வந்த அன்று புரோக்கர் நேராகப் பால்கனிக்குப் போனார். நான் படிக்கட்டுக்குப் போனேன். படிக்கட்டின் அடிப்பக்கத்தை யாரும் அலங்கரிப்பதில்லை, பெரும்பாலும் ஒரு கை பெயிண்டோடு விட்டுவிடுவார்கள். வேலை எப்படி நடந்தது என்பது அங்கே அப்படியே தெரியும். கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்குகிற வைப்ரேட்டர் சரியாகப் போடாத இடத்தில் ஜல்லி தனியாகத் தெரிந்து தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். சென்ட்ரிங் பலகைகள் சரியாகச் சேராத இடத்தில் சிமென்ட் பால் ஒழுகி மணல் வரி விழுந்திருக்கும். 21இலிருந்து 16 வரை இறங்கிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்ட தடம் இருந்தது, அதுவும் ஒழுங்காகப் போட்ட ஒட்டு. மற்றதெல்லாம் நல்ல வார்ப்பு. அங்கேயே எனக்கு மனசு பாதி ஒப்பிவிட்டது.

இது அலுமினியச் சட்டங்களை நிறுத்திச் சுவரையும் தளத்தையும் ஒரே வார்ப்பாகப் போட்ட கட்டடம். வீட்டுக்குள் செங்கல் என்று ஒன்று இல்லை, எல்லாம் கான்கிரீட் சுவர். இதில் நல்லது என்னவென்றால் கோணல் இல்லை, பூச்சு உதிர்வதில்லை, பக்கத்து வீட்டுப் பேச்சு இங்கே கேட்பதில்லை. கஷ்டம், ஒரு படம் மாட்டக்கூட ஹாமர் டிரில் வேண்டும். அந்த டிரில்லை எந்த வீட்டில் போட்டாலும் நாலைந்து மாடிக்கு அதிரும், சத்தம் வரும் வீடு மேலேயா கீழேயா என்று கண்டுபிடிக்கவே முடியாது. இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்த மாதிரிக் கட்டடத்தில் சுவர்தான் தூண். "இந்தச் சுவரை எடுத்துவிட்டால் ஹால் பெரிதாகும்" என்று யாராவது சொன்னால் உடனே நிறுத்துங்கள். எங்கள் பிளாக்கில் ஒருவர் ஏசி குழாய்க்காகக் கம்பியை அறுக்கப் போய், நல்ல வேளை, காவலாளி சத்தம் கேட்டுப் போய்த் தடுத்தார்.

அடுத்து மழை. மேலிருந்து கீழே விழுவதுதான் மழை என்று இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். முதல் பெருமழை இரவில் தெற்கு ஜன்னல் பக்கம் நின்று பார்க்கிறேன், துளிகள் கண்ணாடியில் மேல்நோக்கி ஏறுகின்றன. காற்று கட்டடத்தின் முகத்தில் மோதிப் பிரிகிறது. ஒரு பங்கு இரண்டு பக்கமும் சுற்றிப் போகிறது, ஒரு பங்கு கீழே இறங்குகிறது, ஒரு பங்கு மேலே ஏறுகிறது. தரைத்தள வாசலில் எப்போதும் துணி பறக்கிற அளவுக்குக் காற்று இருப்பது அந்த இறங்கும் பங்கினால். மேல் மாடிகளில் மழையையும் தூக்கிக்கொண்டு ஏறுவது மற்றது. அது ஜன்னல் சட்டத்தின் கீழே, தண்ணீர் வெளியேற வைத்த சிறு துளைகள் வழியாகவே உள்ளே தள்ளியது. ஜன்னல் நகர்கிற தண்டவாளத்தில் நீர் கொதிக்கிற மாதிரி குமிழ் குமிழாக வந்தது. அம்மா பழைய துண்டுகளை முறுக்கி முறுக்கி வைத்துக்கொண்டே இருந்தார்.

காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஜன்னலின் வலது கீழ் மூலையில் இடுக்கை அடைக்கிற சிலிக்கான் பசை விட்டுப்போய் ஒரு நகக்கண் அளவு இடைவெளி. அவ்வளவுதான். தரைத்தளத்து வீட்டில் இந்த இடைவெளி பத்து வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்காகும், மேலே போகப் போக வேகமும் கூடுகிறது. ஆகவே கீழே பொறுத்துப் போகிற தவறு 21இல் செல்லாது. 14 மாதத்தில் இந்த வீடு எனக்குத் திரும்பத் திரும்பக் காட்டியது இதைத்தான். புகார் கொடுத்து ஐந்து வாரம் கழித்துக் கயிறு கட்டி இறங்குகிற ஆட்கள் வந்தார்கள். வந்த தம்பி பழைய சிலிக்கானைச் சுரண்டி, துடைத்து, காயவிட்டு, அப்புறம்தான் புதியதைப் போட்டார். பழையதன் மேலேயே பூசிவிட்டுப் போகாத அந்தக் கைக்கு முழு மதிப்பெண். அதற்குப் பிறகு இரண்டு பெரிய மழை, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

லிஃப்டுக்கு வருகிறேன். என் பெரிய குறை இதுதான். மாடிக்கு நாலு வீடு, மொத்தம் 112 வீடு. மூன்று லிஃப்ட், அதில் ஒன்று சாமான் ஏற்றவும் தீயணைப்புக்கும் உரியது. காலை ஏழே முக்காலுக்கு எங்கள் மாடியில் பொத்தானை அழுத்தி நான் காத்திருந்த நேரத்தை ஒரு வாரம் குறித்து வைத்தேன்: ஐந்து நிமிடத்துக்குக் குறைந்த நாளே இல்லை. வருகிற லிஃப்ட்டும் நிறைந்தே வரும். வீடு பார்த்தது மதியம் மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் எந்தக் கட்டடத்திலும் லிஃப்ட் உடனே வரும்.

இதில் ஒரு லிஃப்ட் கடந்த ஆண்டு 11 நாள் நின்றுபோனது. உதிரிபாகம் வர வேண்டும் என்றார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. தினமும் மாலை கீழே போய் 9ஆவது மாடி அக்காவோடு நடப்பார். நெரிசலில் நிற்க முடியவில்லை என்று அந்த 11 நாளும் இறங்கவே இல்லை. பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து கீழே நடக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலிருந்து பார்த்தால் அந்த அக்காவின் மஞ்சள் பை மட்டும்தான் அடையாளம். அதைப் பார்த்துதான் "வந்துட்டா" என்பார். உயரத்தில் லிஃப்ட் நின்றால் வயதானவர்களுக்கு வீதியே இல்லாமல் போகிறது. நிர்வாகம் இதைச் சின்னப் பழுது என்று எழுதியதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உதிரிபாகத்தை முன்கூட்டியே வாங்கி வைப்பதும் பராமரிப்புதான்.

பழுது பார்க்க வந்த மெக்கானிக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அம்மா அவரிடம், "தம்பி, வடம் அறுந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டார். அவர் அவசரப்படவில்லை. "அம்மா, ஒரு வடத்தில் இல்லை, பல வடத்தில் தொங்குது. எல்லாம் போனாலும் விழாது. வேகம் கூடினால் கீழே இருக்கிற பிடி தண்டவாளத்தைக் கவ்விக்கும்" என்றார். எலிஷா ஓட்டிஸ் 1854இல் நியூயார்க் கண்காட்சியில் மேடையில் ஏறி நின்று, தாங்கியிருந்த கயிற்றை வெட்டச் சொல்லிக் காட்டியதும் இந்தப் பிடியின் ஆதி வடிவத்தைத்தான். பயணிகளுக்கான அவருடைய முதல் லிஃப்ட் அதே ஊரில் ஒரு கடையில் 1857இல் ஓடியது. அந்தப் பிடி இல்லாவிட்டால் ஆட்கள் படியேறக்கூடிய ஐந்தாறு மாடியோடு நகரங்கள் நின்றிருக்கும். அன்றிலிருந்து அம்மா கைப்பிடியை இறுகப் பிடிக்காமல் நிற்கிறார்.

தண்ணீரில் குறையே இல்லை, யார் வடிவமைத்தார்களோ நன்றி. 10 மீட்டர் உயர நீருக்கு ஏறத்தாழ ஒரு பார் (அழுத்தத்தை அளக்கிற அலகு) அழுத்தம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒரே குழாயில் தரைத்தளம் வரை விட்டால் கீழே எட்டு பாருக்கு மேல் வரும், குழாய் மூட்டுகள் தாங்காது. அதனால் கட்டடத்தை மூன்று பகுதியாகப் பிரித்து இடையில் அழுத்தம் குறைக்கிற வால்வு வைத்திருக்கிறார்கள். 2ஆவது மாடியிலும் எங்கள் மாடியிலும் ஷவர் ஒரே மாதிரி வருகிறது.

ஆடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆடும். ஆடாமல் விறைத்து நிற்பதுபோல் எந்த உயரக் கட்டடத்தையும் கட்டுவதில்லை. பெருங்காற்று நாளில் கூடத்து விளக்கின் சங்கிலி மெல்ல அசைவதைப் பார்த்திருக்கிறேன், உடம்பில் தெரிந்ததில்லை. 508 மீட்டர் உயரமுள்ள தைப்பே 101இல் ஆட்டத்தைக் குறைக்கவே 660 டன் எஃகுக் கோளம் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். 28 மாடிக்கு அதெல்லாம் தேவையில்லை, லிஃப்டைச் சுற்றி எழுகிற தடித்த சுவர்களே முதுகெலும்பு.

என்னைக் கோபப்படுத்துவது தீக்கதவு. படிக்கட்டுக்குப் போகிற கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும், புகை படிக்கட்டுக்குள் போகாமல் தடுப்பது அதுதான். எங்கள் 12ஆவது மாடியிலும் 18ஆவது மாடியிலும் காற்று வரட்டும் என்று கல் வைத்துத் திறந்தே விட்டிருந்தார்கள். 18இல் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு பழைய சோபா வேறு. லண்டன் கிரென்ஃபெல் டவரில் 2017 ஜூன் 14 அன்று 4ஆவது மாடி வீட்டுச் சமையலறையில் தொடங்கிய தீ, வெளிச்சுவரில் ஒட்டியிருந்த எரியும் பலகைகள் வழியாக 24 மாடிக் கட்டடத்தின் உச்சி வரை ஏறியது. 72 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு படிக்கட்டுதான். நான் 18ஆவது மாடி வீட்டுக் கதவைத் தட்டி இதைச் சொன்னேன். அவர் முதலில் முகம் சுளித்தார். அப்புறம் அவரே ஒரு பக்கம் பிடிக்க, சோபா போனது. கல் மட்டும் மாதம் ஒரு முறை எங்கிருந்தோ திரும்பி வருகிறது, எடுத்துக்கொண்டே இருக்கிறேன்.

கீழே வாகன நிறுத்தத்தையும் பாருங்கள். எங்கள் தோட்டத்துக்கு அடியில் கூரைத்தளத்தில் ஓதம் இறங்கி, விரிசல் ஓரத்தில் வெள்ளை உப்பு பூத்திருந்தது. சங்கத்தில் பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார்கள். நான் எழுந்து புளோரிடாவின் சர்ஃப்சைடைச் சொன்னேன். 12 மாடிக் குடியிருப்பு, 2021 ஜூன் 24 அதிகாலையில் ஒரு பகுதி சரிந்து 98 பேர் போனார்கள். நீச்சல்குளத் தளத்துக்கு அடியில் நீர்த்தடுப்புச் சரியில்லை, கான்கிரீட் கெடுகிறது என்று 2018லேயே ஒரு பொறியாளர் அறிக்கை எழுதியிருந்தார். கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இப்போது தோட்டத்து மண்ணை அள்ளிவிட்டு நீர்த்தடுப்பைப் புதிதாகப் போடுகிறார்கள். பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை, மூன்று மாதம் பொறுக்கத்தான் வேண்டும்.

சரி, பால்கனி. வந்தபோது கிழக்கே தண்ணீர்த் தொட்டிதான் உயரம், அதற்கப்பால் தாழ்ந்த கூரைகள். இப்போது ஆறு டவர் கிரேன் தெரிகிறது. ஒன்றை வெகு அருகில் பார்க்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காற்றே இல்லாத காலையில், அது தன்னைத்தானே உயர்த்திக்கொண்டது. ஆபரேட்டர் அறைக்குக் கீழே இருக்கிற கூட்டுச்சட்டத்தில் ஜாக்கி மெதுவாகத் தள்ள, மேல்பகுதி முழுவதும் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி நின்றது. நடுவில் வெற்றிடம். தூக்கி வைத்திருந்த புதுக் கோபுரத் துண்டை அதற்குள் நகர்த்தி, நாலு மூலையிலும் போல்ட்டை முடுக்கினார்கள். அது முடியும் வரை கிரேன் கை இம்மி திரும்பக் கூடாது, திரும்பினால் சமநிலை போய்விடும். நான் பால்கனிக் கம்பியை விடவே இல்லை. முடிந்ததும் அங்கிருந்த ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். அம்மா கை ஆட்டினார், அவரும் ஆட்டினார். அந்தக் கட்டடம் இன்னும் ஐந்து மாடி ஏறினால் எங்கள் காலை வெயிலில் பாதி போய்விடும். வீட்டுக்காரர் இதை முன்பே சொல்லவில்லை. கிழக்கு வெயிலுக்காக வருகிறவர்கள் பக்கத்து மனைக்கு எத்தனை மாடி அனுமதி என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். வார்ப்புக்கும் தண்ணீருக்கும் கொடுத்ததை லிஃப்டுக்கும் தீக்கதவுக்கும் குறைத்திருக்கிறேன். ஒப்பந்தத்தை 11 மாதத்துக்குப் புதுப்பிக்கிறேன். லிஃப்ட் ஒன்று 48 மணி நேரத்துக்கு மேல் நின்றால் பராமரிப்புக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று ஒரு வரி கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் வேலைநாள் காலை ஏழே முக்காலுக்கு வாருங்கள். மேலே போய் லிஃப்ட் பொத்தானை அழுத்தி விட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள், இறங்கும்போது படிக்கட்டில் இறங்குங்கள். 18இல் கல் இருந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள்.