கட்ரெய்ன்: பழைய கோ ஆட்டத்தின்ர தொடக்கத்தைப் பிரிச்சுப் பாக்க

திருமலையில கோ (கறுப்பு வெள்ளைக் காய் வைச்சு இடம் பிடிக்கிற பலகை ஆட்டம்) விளையாட ஆள் தேடிப்பிடிக்கிறதே கஷ்டம், அதால இரவில லப்டொப்பில கட்ரெய்ன் எண்ட கோ பழகிற மென்பொருளைப் போட்டுத்தான் படிக்கிறன். இலவசம், உள்ளுக்கு ஓடுறது கட்டாகோ எண்ட, ஆட்டத்தைக் கணிக்கிற எஞ்சின், ஒருக்கா இறக்கினா பிறகு இன்டர்நெட்டும் வேணாம்.

முதல்ல போட்டது 1933இல கோ செய்கென் எண்ட இளம் ஆட்டக்காரர், மெய்ஜின் (அப்ப இந்த ஆட்டத்தில ஆக உயர்ந்த பட்டம்) ஷூசாயோட தொடங்கின ஆட்டம். செய்கென் 19 வயசுப் பெடியன், கறுப்பு, முதல் காய் மூலையில 3-3 (ரெண்டு ஓரத்தில இருந்தும் மூண்டாவது கோடு சந்திக்கிற இடம்), மூண்டாவது எதிர்மூலை நட்சத்திரப்புள்ளி (பலகையில புள்ளி போட்ட இடம்), அஞ்சாவது பலகையின்ர நட்டநடுவில! அந்தக் காலத்தில ஷூசாயின்ர ஹொனின்போ எண்ட கோ பள்ளி வழியில 3-3 ஆகாத இடம் எண்டு வைச்சிருந்தவை, அதை மெய்ஜினுக்கு முன்னாலயே வைச்சிருக்கிறான் எண்டு நினைக்க இப்பவும் புல்லரிக்குது.

ஒண்டு கவனியுங்கோ, அந்த ஆட்டத்தில கொமி (ரெண்டாவதா வைக்கிற வெள்ளைக்கு ஈடாக் குடுக்கிற புள்ளி) இல்லை, செட்டிங்ஸில 0 ஆக்காட்டி எஞ்சின் சொல்ற கணக்கெல்லாம் பிழைச்சுப்போகும், நான் ரெண்டு நாள் பிழையாத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். வெற்றி வீதத்தை விட எத்தினை புள்ளி முன்னுக்கு எண்டு காட்டுறதுதான் எனக்கு உதவி, ஒவ்வொரு காய்க்கும் எவ்வளவு இழந்தம் எண்டு விளங்கும். ஆனா ஏன் எண்டு அது சொல்லாது, நீங்கதான் வேற இடத்தில காய் வைச்சு வைச்சுப் பாக்கோணும். பழைய லப்டொப்பில மெதுவாத்தான் ஓடும், கிராபிக்ஸ் கார்ட் இருந்தா நல்லம். ஷூசாய் கடைசியில 2 புள்ளியால வெண்டவர், ஆனா நான் திரும்பத் திரும்பப் போடுறது அந்த முதல் அஞ்சு காயைத்தான்.