அண்டியாபீஸில் ஈ.ஆர்.பி.: 2021 முதல் ஓட்டிய அனுபவம்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு முந்திரி ஆலையில் சரக்கு, உற்பத்தி இரண்டையும் பார்ப்பது என் வேலை. முந்திரி ஆலை என்று கேட்டால் யோசிப்பார்கள். அண்டியாபீஸ் என்றால் உடனே வழி சொல்வார்கள். 2021-ல், சரக்கு, உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் ஈ.ஆர்.பி. மென்பொருள் ஒன்றை வாங்கினோம். பெயர் வேண்டாம். இப்படி ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கும் சின்ன ஆலைக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

உள்ளூர் அண்டியை, அதாவது உடைக்காத முந்திரிக்கொட்டையை நம்பி இங்கே ஆலை ஓடாது. மேற்கு ஆப்பிரிக்க அறுவடை பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வாக்கில் முடியும். தான்சானியா சரக்கு அக்டோபருக்குப் பிறகு. வருடம் முழுக்க உடைக்க வேண்டியதைச் சில மாதங்களுக்குள் வாங்கிப் போட்டாக வேண்டும். கையிலுள்ள பணமும் வங்கிக் கடனும் சாக்கு மூட்டையாக மாறிக் கிட்டங்கியில் (கோடவுனில்) உட்கார்ந்திருக்கும். அதனால் எந்த மூட்டை எங்கே இருக்கிறது, அதில் எவ்வளவு பருப்பு தேறும் என்ற இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லாத மென்பொருளால் எனக்குப் பிரயோஜனம் இல்லை.

முதல் சீசன் பெரும்பாடு. நாலு உதிரிப்பாகத்தைச் சேர்த்து ஒரு பொருள் செய்யும் தொழிற்சாலைக்காக எழுதப்பட்ட மென்பொருள் அது. எங்கள் வேலை நேர்மாறு. ஒரு மூட்டை உள்ளே போனால் டபிள்யூ 180, 240, 320 என்று முழுப்பருப்பு, பிறகு பாதி, துண்டு, குருணை என 20-க்கும் மேற்பட்ட தரங்களாகப் பிரிந்து வெளியே வரும். எண்ணெய் ஆலைக்குப் போகும் தோடு (கொட்டையின் ஓடு), தோல் பதனிட வாங்கிப்போகும் தொலி (பருப்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல்) எல்லாம் தனி. இத்தனைக்கும் செலவைப் பிரித்துப் போட அதற்குத் தெரியவில்லை.

இன்னொரு கூத்து போர்மா, அதாவது பருப்பைச் சூட்டில் உலர்த்தும் அறை. உடைத்த பருப்பை போர்மாவில் காய வைத்தால்தான் தொலி கழன்று வரும்; ஈரம் போவதால் எடையும் குறையும். மென்பொருளோ அதைச் 'சரக்குக் குறைவு' என்று சிவப்பில் காட்டியது. தினமும் காலையில் முதலாளி போன் செய்து யார் எடுத்தது என்று கேட்டார். ஈரப்பத இழப்பு என்று தனிக் கணக்கு ஒன்றைத் திறக்கச் சொல்லி அந்த நிறுவனத்தோடு மல்லுக்கட்டியதில் அந்த சீசனே முடிந்துவிட்டது. விற்க வந்தவர்களில் ஒருவராவது ஒரு நாள் போர்மா வாசலில் நின்று பார்த்திருந்தால் இது முதல் வாரத்திலேயே தீர்ந்திருக்கும்.

நிலைமை மாறியது லாட் எண்ணால். துறைமுகத்தில் இறங்கும்போதே ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு எண் கொடுத்து, அவிப்பு, உடைப்பு, போர்மா, பீலிங், தரம்பிரிப்பு என எல்லா இடத்திலும் அதே எண்ணில் எடை போட ஆரம்பித்தோம். முதலில் அலுவலகத்துப் பையன் மாலையில் மொத்தமாக ஏற்றினான்; பாதி ஊகம். பிறகு எடை போடும் அக்காமாரிடமே டேப்லெட்டைக் கொடுத்தோம். எண்ணைத் தவிர எதுவும் தட்டச்சு செய்யத் தேவையில்லாத மாதிரி திரையைத் தமிழில் மாற்றச் சொன்னோம். சில வாரத்தில் பீலிங் அக்கா ஒருவரே வந்து, "சாரே, இந்த லாட்டுல தொலி விடவே மாட்டேங்குது, போர்மா சூடு பத்தல போல, பாருங்க" என்றார். அதுவரை அந்தச் சேதி மாதக் கடைசியில், துண்டுப்பருப்பு கூடிப்போன பிறகுதான் எனக்குக் கிடைக்கும்.

ஆலைக்கு வெளியே, கப்பலிலிருந்து எங்கள் வாசல் வரை சரக்கு வந்துசேரும் சங்கிலிக்கு ஈ.ஆர்.பி. உதவவில்லை. அதற்குக் கைகொடுத்தது இலவசமான கூகுள் ஷீட். நாங்களும் சுற்றுவட்டார ஆலைகள் சிலவும் சேர்ந்து சரக்கு பிடிக்கிறோம். துறைமுகத்தில் சுங்க வேலையைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட், லாரி ஆபீஸ், ஆலைகள் எல்லோருக்கும் ஒரே ஷீட். கண்டெய்னர் எண்ணில் நாலு எழுத்துக்குப் பிறகு வரும் ஏழு இலக்கத்தில் கடைசியானது சரிபார்ப்பு இலக்கம். அந்தக் கணக்கை ஷீட்டிலேயே எழுதிவிட்டதால் தப்பான எண் வந்தால் கட்டம் நிறம் மாறும். கப்பலை வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கத்தையும் விட்டோம். பெரிய கப்பல் கொழும்பில் பெட்டியை இறக்கிவிட்டுத் தன் வழியே போய்விடும். தூத்துக்குடிக்கு வரும் சின்னக் கப்பலுக்காக நம் பெட்டி அங்கேயே கிடக்கும். பின்தொடர வேண்டியது பெட்டியை.

தூத்துக்குடியிலிருந்து மார்த்தாண்டம் 200 கிலோமீட்டருக்குள். லாரியில் சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி.யில் எடுக்கும் ஈ-வே பில்லுக்கு ஒரு நாள் கெடு போதும். ஆனால் ஆரல்வாய்மொழியில் லாரி பழுதாகி வேறு வண்டிக்குச் சரக்கு மாறினால் புது வண்டி எண்ணை உடனே ஏற்ற வேண்டும். டிரைவர் வாட்ஸ்அப்பில் படம் போட்டால் ஏஜென்ட் ஆபீஸில் பார்த்து மாற்றிவிடுகிறார்கள்.

எனக்கு அதிகம் பிடித்தது கட்டிங் டெஸ்ட் முடிவைப் பகிர்ந்துகொள்வது. ஒரு கிலோ மாதிரியை வெட்டி, நல்ல பருப்பை நிறுத்து, 80 கிலோ மூட்டைக்கு இத்தனை பவுண்டு என்று சொல்வார்கள். 48 பவுண்டு என்றால் ஒரு கிலோவில் ஏறத்தாழ 272 கிராம். 100 டன்னில் ஒரே ஒரு பவுண்டு குறைந்தாலும் 567 கிலோ பருப்பு போச்சு. முன்பு இந்த எண்ணைப் பக்கத்து ஆலைக்குச் சொல்லவே மாட்டோம், போட்டிக்காரன் அல்லவா. இப்போது வெட்டிய பருப்பின் படத்தோடு ஷீட்டில் போடுகிறோம். ஒரே சரக்கில் நாலு ஆலை முடிவும் ஒன்றாகக் குறைந்திருந்தால் தரகரிடம் விலை பேச வேறு சாட்சி வேண்டாம். ஒருவருக்கு மட்டும் குறைந்திருந்தால் அவர் கிட்டங்கியில் ஈரம் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்வோம். இதற்கு முதலாளிமாரைச் சம்மதிக்க வைத்தது மென்பொருளை ஓட வைத்ததை விடக் கஷ்டம்.

வண்ண வண்ணமாக டாஷ்போர்டு ஒன்றும் தந்தார்கள். முதலாளி வெளியாட்களுக்குக் காட்டுவார்; மற்றபடி யாரும் திறப்பதில்லை.

ஒரே கிட்டங்கி, உள்ளூர்ச் சரக்கு மட்டும் என்றால் டாலி கணக்கு மென்பொருளும் ஒரு ஷீட்டும் போதும், ஈ.ஆர்.பி. வாங்காதீர்கள். இறக்குமதிச் சரக்கு பல லாட்டாக ஒரே நேரத்தில் ஓடுகிறது என்றால் வாங்கலாம். ஆனால் கையெழுத்துப் போடும் முன், ஒரு மூட்டையை உள்ளே விட்டு 20 தரமாக வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எடைக்குறைவை எந்தக் கணக்கில் போடும் என்றும் கேளுங்கள். நாங்கள் இந்த வருடமும் சந்தா கட்டிவிட்டோம். டின்னில் ஒட்டும் லாட் எண்ணிலிருந்து மூல மூட்டை வரை பின்னோக்கிப் போகும் வசதி மட்டும் பாக்கி. தரம்பிரிக்கும் மேசையில் இரண்டு லாட் கலந்துவிடுகிறது. அதற்கு மேசைகளைப் பிரித்துப் போட இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.