டி-34 மாடலுக்கு எந்த டிராக்: வினைல் பட்டையா, தனிக் கண்ணியா?

1/35 அளவில், இரண்டாம் உலகப் போர்க்கால சோவியத் டாங்கியான டி-34-85இன் பிளாஸ்டிக் மாடல் ஒன்றைக் கட்டி, சேறும் புழுதியும் ஏற்றி, சென்ற வாரம்தான் கண்ணாடி அலமாரிக்குள் வைத்தேன். வண்டியின் உடல், சுழல்கோபுரம், 85 மி.மீ. பீரங்கி ஆகியவற்றில் முடிவெடுக்க வேண்டிய விஷயம் அதிகம் இல்லை. பெட்டியில் இருப்பதை ஒழுங்காக ஒட்டினால் போதும். என்னை நாள்கணக்கில் யோசிக்க வைத்தவை சக்கரங்களைச் சுற்றி ஓடும் அந்த இரண்டு டிராக்குகள்தான். நான்கு வழிகள் இருந்தன: ஒரே நீளமாக வரும் வினைல் பட்டை, நீளத் துண்டுகளும் சில தனிக் கண்ணிகளும் கலந்த செட், முழுக்கத் தனித்தனிப் பிளாஸ்டிக் கண்ணிகள், வார்ப்பு உலோகக் கண்ணிகள். நான் எடுத்தது மூன்றாவது. பக்கத்துக்கு 72 வீதம் 144 கண்ணிகளை வெட்டி, தேய்த்து, ஒட்டினேன். அடுத்த டி-34க்கும் அதையே செய்வேன்.

மற்ற டாங்கிகளில் இந்தக் கேள்வி இவ்வளவு பெரிதாகத் தெரியாது. பக்கவாட்டுத் தகடு டிராக்கின் மேல்பாதியை மறைத்துவிடும் வண்டி என்றால் எதைப் போட்டாலும் யாரும் பார்க்கப் போவதில்லை. டி-34 அப்படி மன்னிக்காது. கிறிஸ்டி வகைத் தொங்கமைப்பில் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனிச் சுருள்வில்லில் நிற்கும் சஸ்பென்ஷன்) வந்த வண்டி அது. பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள். மேலே டிராக்கைத் தாங்குவதற்கென்று தனி உருளைகள் கிடையாது. 500 மி.மீ. அகல எஃகுச் சங்கிலி தன் எடையிலேயே சக்கரங்களின் தலையில் படுத்து, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே தொய்ந்து, மறுபடி எழுந்து போகும். அந்த அலைதான் டி-34இன் பக்கத் தோற்றம். அலை இல்லாமல் விறைப்பாக நீட்டிய டிராக்கை மாட்டினால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பொம்மை வண்டி போலத்தான் தெரியும்.

வினைல் பட்டையிலிருந்து தொடங்குகிறேன். பேச்சில் ரப்பர் டிராக் என்கிறோம். பொருள் ரப்பர் இல்லை, மென்மையாக்கப்பட்ட பிவிசி. இதன் நன்மைகள் தெரிந்தவைதான்: பத்து நிமிடத்தில் வேலை முடியும், கண்ணி எண்ண வேண்டாம், வண்ணம் பூசும்போது கழற்றி மாட்டலாம். தொய்வு வராதே என்பவர்களுக்கும் வழி உண்டு. பட்டையின் மேல்பகுதியைச் சக்கரங்களோடு சேர்த்து ஒட்டிவிடலாம், அல்லது மெல்லிய கம்பியைக் குறுக்கே செருகிக் கீழே இழுத்து நிறுத்தலாம். பழைய பெட்டிகளில் இரு முனைகளையும் சூடான ஸ்குரூடிரைவரால் உருக்கித்தான் இணைக்க வேண்டும். இப்போது வருபவற்றில் சில சாதாரண பிளாஸ்டிக் பசையிலேயே ஒட்டுகின்றன. இவ்வளவும் சரி. நான் வினைலை விட்டதற்குக் காரணம் தொய்வு இல்லை. காலம்.

பல வருடங்களுக்கு முன் நான் கட்டிய முதல் டி-34இல் வினைல் பட்டைதான் போட்டிருந்தேன். அலமாரியைத் துடைப்பதற்காக அதை எடுத்தபோது, முன் சக்கரத்தைச் சுற்றி ஏதோ பளபளத்தது. பட்டையை மெதுவாக நகர்த்தப் பார்த்தேன், நகரவில்லை. கத்தி முனையால் தூக்கினால், சக்கரத்தின் விளிம்பு வெல்லப்பாகு போல இளகி, பட்டையின் உட்பக்க வடிவத்தை அப்படியே அச்சாக வாங்கியிருந்தது. கீழே, நான்காவது சக்கரம் தரையைத் தொடும் இடத்திலும் அதே குழி. மேலே வண்ணம் சில இடங்களில் பிசுபிசுவென்று இருந்தது. வளைவில் செதில் செதிலாக உரிந்திருந்தது. என் கைத்தவறுதான் என்று அன்று நினைத்தேன். காரணம் பிறகுதான் புரிந்தது.

பிவிசி இயல்பில் கடினமானது. அதை வளைய வைப்பதற்காக ஒரு மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்கிறார்கள். அந்தத் திரவம் பொருளோடு வேதியியல் முறையில் பிணைந்திருப்பதில்லை. மெல்ல மெல்ல வெளியே கசியும். சக்கரங்கள் செய்யப்பட்ட பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அதற்குள் இறங்கி அதை இளக்கிவிடும். எனாமல் பூசியிருந்தால் அதுவும் முழுதாகக் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். திரவத்தை இழந்த பட்டையோ விறைத்து, இறுகி, ஒருநாள் வளைவில் விரிசல் விடும். ஆக, கேடு இரண்டு பக்கமும். எல்லா வினைலும் ஒரே வேகத்தில் இப்படி ஆகிறது என்று சொல்ல மாட்டேன். அதே அலமாரியில் அதைவிடப் பழைய ஒரு மாடலின் பட்டை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. சக்கர விளிம்பில் நல்ல பிரைமரும் வண்ணமும் தடிப்பாக இருந்தால் கசிவு தாமதமாகும் என்பதும் என் அனுபவம். ஆனால் எந்தப் பெட்டியின் வினைல் எப்படி நடந்துகொள்ளும் என்று வாங்கும்போது பார்த்துச் சொல்ல வழியில்லை. நாற்பது மணி நேரம் உழைத்த மாடலை அந்த அதிர்ஷ்டத்தில் விட எனக்கு மனம் வரவில்லை.

தனிக் கண்ணிகள் வண்டியின் உடலைப் போலவே பாலிஸ்டைரின். அதே பசை, அதே பிரைமர், அதே வண்ணம். மூப்பும் ஒன்றாகவே வரும். கசிவதற்கு எதுவும் இல்லை. விலை, நம் நேரம்தான். ஒரு கண்ணி ஏறத்தாழ 5 மி.மீ. நீளம், 14 மி.மீ. அகலம். ஒவ்வொன்றையும் ஸ்ப்ரூவிலிருந்து, அதாவது பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து, வெட்டி, காம்பு இருந்த இடத்தைத் தேய்க்க வேண்டும். டி-34இல் ஒன்றுவிட்டு ஒன்று, உட்பக்க நடுவில் கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணி வரும் என்பதால் இரண்டு குவியலாகப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னாலிருக்கும் இயக்குச் சக்கரத்துக்குப் பற்கள் இல்லை. அதன் உருளைகள் அந்தக் கொம்புகளைப் பிடித்துத்தான் டிராக்கை இழுக்கின்றன. ஒரு கண்ணி வரிசை மாறினாலும் அங்கே கொம்பு உருளைமேல் ஏறி நிற்கும்.

ஒட்டும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. நேரான அளவுகோலை மேசையில் பதித்து, அதன் ஓரமாகக் கண்ணிகளை வரிசையாகக் கோத்து, இணைப்புகளில் மெதுவாகக் காயும் பசையைத் தொட்டு வைத்தேன். அரைமணி நேரத்தில் வரிசை தோல்வார் போல வளையத் தொடங்கும். அந்தப் பதத்தில் தூக்கிச் சக்கரங்களைச் சுற்றிப் போட்டு, மேலே மட்கார்டுக்கும் டிராக்குக்கும் நடுவே பஞ்சுத் துண்டுகளைச் செருகி, ஒவ்வொரு சக்கர இடைவெளியிலும் விரலால் லேசாக அழுத்தித் தொய்வைக் கொடுத்து, இரவு முழுக்க விட்டுவிட்டேன். காலையில் பஞ்சை உருவியபோது அலை அப்படியே நின்றது. முதல் பக்கத்தை அசையாமல் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முன் சக்கரத்தைத் தாங்கும் கையை முதலிலேயே ஒட்டிவிடாதீர்கள். நிஜ வண்டியிலும் அது நகரக்கூடியது. டிராக்கின் இறுக்கத்தை அதை நகர்த்தித்தான் சரிசெய்வார்கள். மாடலிலும் 72ஆவது கண்ணி வந்து சேரும்போது இருக்கும் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை அதுதான் தீர்க்கும். அடுத்து, பசை அதிகம் காய்ந்த பிறகு வளைக்காதீர்கள். முந்தைய வண்டியில் அப்படி வளைத்தேன். ஒட்டியது போலத்தான் இருந்தது; ஆனால் வாஷ் எனும் நீர்த்த வண்ணத்தைப் பூசியபோது, அதில் கலந்த வொயிட் ஸ்பிரிட் எனும் கரைப்பான் இணைப்புக்குள் இறங்கி, உள்ளே இழுவிசையோடு இருந்த கண்ணி பட்டென்று விட்டுப்போயிற்று.

நீளத் துண்டு செட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். தரையில் படும் பகுதி ஒரே துண்டு, மேல்பகுதி தொய்வோடே வார்த்த இன்னொரு துண்டு, இரு முனை வளைவுகளுக்கு மட்டும் தனிக் கண்ணிகள். பொருள் பாலிஸ்டைரின் என்பதால் மூப்புத் தொல்லை இல்லை. ஒரே மாலையில் இரண்டு பக்கமும் முடிந்துவிடும். முதல் டாங்கி கட்டுகிறவர் கேட்டால் இதைத்தான் கையில் கொடுப்பேன். எனக்குள்ள ஒரே குறை, தொய்வை அச்சு தயாரித்தவர் தீர்மானித்துவிடுகிறார் என்பது. சமதளத்தில் நிற்கும் வண்டிக்கு அது பொருந்தும். என் வண்டியின் ஒரு சக்கரம் மேட்டில் ஏறி நிற்கிறது.

உலோகக் கண்ணிகளை ஒரே ஒரு மாடலில், ஒரு பாந்தர் டாங்கியில், போட்டிருக்கிறேன். துளைகளைச் சுத்தம் செய்து, கம்பி கோத்து, கருக்கும் திரவத்தில் முக்கி எடுக்கும் வேலை அலுப்பானது. பலன் அழகு: சங்கிலி தன் எடையில் தானே தொய்கிறது, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் நிஜ உலோகமே மின்னுகிறது. மாடலுக்கு இரண்டு வயதுதான் ஆகிறது. நீண்ட காலத்தைப் பற்றி அதை வைத்துப் பேச மாட்டேன்.

வெதரிங், அதாவது சேறு, புழுதி, தேய்மானம் ஏற்றும் வேலை, செய்யும்போதுதான் தனிக் கண்ணிக்குப் பட்ட பாடு முழுவதும் திரும்பக் கிடைத்தது. சக்கரங்களை உடலோடு ஒட்டாமல் வைத்திருந்ததால் சக்கரமும் டிராக்கும் சேர்ந்து ஒரே கூடாகக் கழன்று வந்தன. கறுப்பு பிரைமர், அதன்மேல் சாம்பல் கலந்த அடர்பழுப்பு. பிறகு மூன்று மண் நிறப் பிக்மென்ட் பொடிகளைக் கலந்து உலர்வாகத் தூவி, தூரிகை நுனியிலிருந்து வொயிட் ஸ்பிரிட்டைத் தொட்டுவிட்டால் பொடி தானாகக் குழிகளுக்குள் ஓடி அமர்ந்துகொள்ளும். மறுநாள் விறைப்பான தூரிகையால் மேடுகளில் இருப்பதை மட்டும் தட்டிவிட்டேன். செம்மஞ்சள் துரு வேண்டாம். ஓடும் வண்டியின் டிராக் தரையில் உரசிக்கொண்டே இருப்பதால் அதற்கு நேரமே கிடைக்காது. நிறுத்தி வைத்த வண்டிக்கு மட்டும் அது.

கடைசியாக, மென்மையான பென்சிலின் கிராஃபைட்டை விரல் நுனியில் எடுத்து, தரையில் படும் மேடுகளில் அழுத்தித் தேய்த்தேன். வினைலில் இப்படித் தேய்த்தால் பட்டை அமுங்கி, குழியில் உட்கார்ந்த பொடி எழுந்துவிடும்; கண்ணி அசையவே இல்லை. உட்பக்கம் வேறு கணக்கு. இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே கொம்பு போவதால் அதன் பக்கங்கள் மின்ன வேண்டும், அதற்கு இருபுறமும் ரப்பர் விளிம்பு ஓடும் தடம் மின்னாமல் சுத்தமான கருமையாக இருக்க வேண்டும். விளக்கைத் தாழ்த்திப் பிடித்து, மட்கார்டுக்குக் கீழே பார்த்தால், தொய்ந்த இடங்களில் அந்த இரண்டு கரிய கோடுகளும் நடுவே 36 கொம்புகளின் மினுக்கமும் வரிசையாகத் தெரிகின்றன.