ஈரல் சுருங்கினவருக்குச் சத்துமா டின்: எது, எவ்வளவு, எந்த நேரம்

மட்டக்களப்பு நகரமோ காத்தான்குடியோ கல்முனையோ, எந்தப் பாமசிக்குப் போனாலும் பெரியவர்களுக்கான சத்துமா டின்கள் றாக்கையில் வரிசையாக இருக்கும். கிளினிக் கொப்பியில் சிரோசிஸ் (ஈரல் சுருக்கம்) என்று எழுதப்பட்டு, தோள் எலும்பு தெரிய மெலிந்து, வயிறு மட்டும் ஊதிப்போன அப்பாவுக்கோ வாப்பாவுக்கோ அதை வாங்கிப் போகும் பிள்ளைகள் பலர். டின் நல்ல பொருள்தான். ஆனால் அநேக வீடுகளில் அதைக் கரைக்கிற விதத்தில், கொடுத்த காசுக்குப் பாதிப் பலன்கூடக் கிடைப்பதில்லை.

பிழை கரண்டியில் இருக்கிறது. மோல்ட் மா கரைத்துப் பழகின கை இதையும் இரண்டு தேக்கரண்டி போட்டுக் கலக்கிவிடும். அது 10 கிராம்கூட வராது. கிடைப்பது 40 கலோரி, ஒன்றரைக் கிராம் புரதம். ஒரு பிஸ்கட் தின்ற மாதிரி. என்ஷுவர் போன்ற வழமையான டின்களில் ஒரு கிளாஸுக்கு 50 முதல் 60 கிராம் மா போக வேண்டும். டின்னுக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் கரண்டியால், தலைதட்டி, பெரும்பாலும் ஆறு கரண்டி. தண்ணீர் 190 மில்லிலீற்றர் அளவு. அப்படிக் கரைத்தால்தான் ஏறத்தாழ 230 கலோரியும் 9 கிராம் புரதமும் வரும். தயாரிப்புக்குத் தயாரிப்பு கணக்கு சற்று மாறும், லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். 400 கிராம் டின் ஏழு கிளாஸுக்குத்தான் காணும். உங்கள் வீட்டில் ஒரு டின் ஒரு மாதம் ஓடுகிறதென்றால் அளவு பிழை. விலையை ஏழால் பிரித்துப் பாருங்கள். அந்தக் காசை நாளாந்தம் செலவழிக்க முடியாவிட்டால் தண்ணியாகக் கரைத்து இழுக்க வேண்டாம். கீழே சொல்லும் வீட்டுச் சாப்பாட்டுக்கு மாறுவது எவ்வளவோ மேல்.

அடுத்தது நேரம். காலையில் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். அது தலைகீழ். நல்ல ஈரல் இரவு முழுக்கச் செலவழிக்கச் சர்க்கரையைச் சேமித்து வைக்கும். சுருங்கின ஈரலில் அந்தக் கையிருப்பு சில மணித்தியாலத்தில் தீர்ந்துவிடும். பிறகு உடம்பு தன் தசையையே கரைத்துச் சர்க்கரையாக்கும். இரவு எட்டு மணிக்குச் சோறு தின்று காலை ஏழு மணிக்கு பிளேன்ரீ குடிப்பவருக்கு, அந்த இடைவெளி ஒரு சுகதேகி இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதற்குச் சமன். நியூசிலாந்தில் நடந்து 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே 710 கலோரிச் சத்துப்பானத்தைச் சிலருக்குப் பகலிலும் சிலருக்கு இரவு 9 மணிக்குப் பிறகும் ஒரு வருடம் கொடுத்தார்கள். இரவில் குடித்தவர்களுக்குக் கொழுப்பல்லாத உடல் எடை இரண்டு கிலோ அளவு கூடியது. பகலில் குடித்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. ஆகவே ஒரே ஒரு கிளாஸ்தான் கட்டுப்படியாகும் என்றால், அது படுக்கப் போகும் நேரத்துக் கிளாஸாக இருக்கட்டும்.

அந்தக் கிளாஸ் மட்டும் போதாது என்பதையும் கவனிக்க வேண்டும். படுக்கும் முன் குறைந்தது 50 கிராம் மாச்சத்து தேவை; ஒரு கிளாஸில் 30 கிராமுக்குச் சற்றுக் கூடத்தான் இருக்கும். கூடவே இரண்டு துண்டு பாண், அல்லது ஒரு பெரிய வாழைப்பழம் கொடுத்தால் கணக்குச் சரி.

முழு நாளுக்கான கணக்கு, ஒரு கிலோ எடைக்கு 35 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம். இதில் எடை என்பது தராசு காட்டும் எடை அல்ல. வயிற்றில் நடுத்தரமாக நீர் இருந்தால் 10 சதவீதம், கால் வீக்கமும் இருந்தால் இன்னும் 5 சதவீதம் கழியுங்கள். தராசில் 60 கிலோ நிற்பவர் அப்போது 51 கிலோதான். அவருக்கு நாளுக்கு 1,785 கலோரி, 61 முதல் 77 கிராம் புரதம். உடல் பருத்தவர்களுக்குக் கலோரிக் கணக்கு வேறு, கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டின் இல்லாமலும் இந்தப் புரதத்தை எட்டலாம். முட்டை ஒன்றில் 6 கிராம். சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல். 50 கிராம் பயறை அவித்துத் தேங்காய்ப்பூ போட்டால் 12 கிராம் புரதமும் 30 கிராம் மாச்சத்தும் வரும். பால்மா 30 கிராமில் 8 கிராம் அளவு. சட்டித் தயிர் ஒரு கோப்பை இன்னொரு நல்ல வழி. பயறும் ஒரு கிளாஸ் பாலும் ஒரு வாழைப்பழமும் இரவு ஒன்பதரைக்கு உள்ளே போனால் டின்னின் வேலை முடிந்தது, செலவும் குறைவு. சோயா மீற் உலர்ந்த நிலையில் பாதி புரதம்தான். ஆனால் பைக்கற்றுக்குள் வரும் மசாலாவை எறிந்துவிடுங்கள், அதில் உப்புக் கூட. வயிற்றில் நீர் உள்ளவருக்கு நாள் முழுக்க உப்பு 5 கிராம், ஒரு தேக்கரண்டி அளவுதான். கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் அந்தக் கணக்கை ஒரு வேளையிலேயே தின்றுவிடும். உப்புக்குப் பதில் விற்கும் குறைசோடிய உப்பில் பொற்றாசியம் இருக்கும். நீர் வெளியேறக் கொடுக்கும் ஸ்பைரனோலக்டோன் குளிசை குடிப்பவருக்கு அது ஆபத்து.

"ஈரல் வருத்தத்துக்கு மீன், முட்டை ஆகாது" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஈரல் வருத்தத்தால் புத்திக் குழப்பமும் மயக்கமும் வந்தவருக்குக்கூடப் புரதத்தைக் குறைக்கும் பழைய வழக்கம் கைவிடப்பட்டுவிட்டது. இரத்தத்தில் சேர்ந்து அந்தக் குழப்பத்தைக் கிளப்பும் அமோனியாவில் ஒரு பங்கைத் தசை அகற்றுகிறது; தசை கரைந்தால் குழப்பம் கூடும். ஆனால் தூங்கி வழிகிறவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறும். நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

வாங்கும்போது எந்த டின் என்பதில் ஏமாற இடமுண்டு. சிறுநீரக நோயாளிக்கென்று வரும் டின்களில் வேண்டுமென்றே புரதம் குறைத்த வகை உண்டு. அதை எடுத்தால் நோக்கமே கெட்டுப்போகும். சீனி வருத்தமும் இருந்தால் நீரிழிவுக்கான வகையைப் பாருங்கள். உடற்பயிற்சிக் கூடத்துப் பவுடர்கள் வேண்டாம். அவற்றில் சிலவற்றில் பச்சைத் தேயிலைச் சாறு மாதிரி ஈரலைத் தாக்கக்கூடியவை கலந்திருக்கும். லியூசின், ஐசோலியூசின், வலின் மூன்றும் சேர்ந்த அமினோ அமிலப் பைக்கற்றுகள், சாதாரணப் புரதம் ஒத்துக்கொள்ளாதவருக்கும் குழப்பம் திரும்பத் திரும்ப வருபவருக்கும் டொக்டர் எழுதினால் வாங்க வேண்டியவை. விலை கூட, முதலில் தேட வேண்டியது அதுவல்ல.

கிளாஸில் முதலில் தண்ணீர், பிறகு மா. மாவுக்கு மேல் கொதிநீர் ஊற்றினால் கட்டிபடும். வயிறு உப்புகிறது, இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை என்றால் அரைக் கிளாஸாகப் பிரித்து, ஒரு மணித்தியால இடைவெளியில் கொடுங்கள். நீர் கட்டின வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும். வயிற்றோட்டம் வந்தவுடன் டின்னைக் குறை சொல்ல வேண்டாம், மலம் இளகக் கொடுக்கும் லக்ருலோஸ் பாணியின் அளவு கூடியிருக்கலாம். திறந்த டின்னைப் பிரிஜ்ஜில் வைக்காமல், இறுக்க மூடி உலர்ந்த இடத்தில் வைத்து மூன்று கிழமைக்குள் முடிக்க வேண்டும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்துக்கு, பெரிய டின் மலிவு என்று வாங்கிப் பாதியில் கட்டிபட விடுவதைவிடச் சிறியதே இலாபம். பல நாள் சரியாகச் சாப்பிடாதவருக்கும் நீண்டகாலம் சாராயம் குடித்தவருக்கும் திடீரென்று முழு அளவில் தொடங்கக் கூடாது. முதலில் டொக்டரிடம் கேட்டு, தயமின் (விற்றமின் பி1) ஆரம்பித்து, படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

கந்தசஷ்டி விரதமோ நோன்போ, நீண்ட பட்டினி இவர்களின் தசையைத்தான் தின்னும். வயிற்றில் நீர், குழப்பம், இரத்த வாந்தி என்று வந்தவர்கள் டொக்டரிடம் பேசாமல் பிடிக்கவே கூடாது. நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருப்பதைப் பள்ளிவாசலில் கேட்டாலும் சொல்வார்கள்.

பலன் தெரிகிறதா என்று தராசில் பார்த்தால் நீர்தான் ஏமாற்றும். கைப்பிடி இல்லாத கதிரையில், கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்து தரம் எழும்பி இருக்கச் சொல்லி, போனில் நேரம் பிடியுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 15 விநாடிக்கு மேல் போனால் தசை பலமில்லை. ஈரல் நோயாளியின் நலிவை அளக்க வைத்தியர்கள் வைத்திருக்கும் சுட்டியிலும் இந்தக் கதிரைச் சோதனை ஒரு பகுதி. கைப்பிடி பலமும் நிற்கும் சமநிலையும் மற்ற இரண்டு. சத்துமாவைக் குடித்துவிட்டுப் படுத்தே கிடந்தால் அது தசையாகாது, ஆகவே முடிந்தவரை நடக்கவிடுங்கள். மாதம் ஒருமுறை அந்த விநாடிக் கணக்கைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியோடு எழுதி, அடுத்த முறை டொக்டரிடம் காட்டுங்கள்.