திறந்தவெளி ஜாஸ் கச்சேரி: நாற்காலி டிக்கெட்டா, புல்தரை டிக்கெட்டா?

திறந்தவெளி ஜாஸ் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கப் போனால் பெரும்பாலும் இரண்டு வகைதான் கண்ணில் படும். ஒன்று, மேடைக்கு முன்னால் எண் போட்ட நாற்காலி. இன்னொன்று, அதற்குப் பின்னால், முந்தி வந்தவர் பிடித்த இடத்தில் உட்காரும் புல்தரை. நாற்காலிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு செல்லுமா செல்லாதா என்பது மேடையில் யார் வாசிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பியானோ, டபுள் பாஸ் (ஆளுயரத் தந்தி வாத்தியம்), டிரம்ஸ் என்று மூன்று பேர் மட்டும் வாசிக்கிறார்களா? யோசிக்காமல் நாற்காலியை எடுங்கள். அந்த இசையின் உயிரே சின்னச் சின்ன ஒலிகளில் இருக்கிறது. டிரம்மர் பிரஷ்ஷால் தோலை வருடுவது, பாஸ் கம்பியை விரல் இழுத்து விடுவது எல்லாம் தூரத்தில் கரைந்துவிடும். திறந்தவெளியில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது. ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) குறையும். அதோடு ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், சிம்பலில் குச்சி விழுவதைக் கண் பார்த்து கால் நொடிக்கும் மேலான பிறகே காதுக்கு எட்டும். தாளத்தோடு ஒன்றிக் கேட்பவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல்.

சரி, எந்த நாற்காலி? விலை கூடிய முதல் வரிசை வேண்டாம் என்பேன். அங்கே மேடையிலிருந்து டிரம்ஸ் நேராக வந்து அறையும். பெரிய ஸ்பீக்கர்களோ பக்கவாட்டில், தலைக்கு மேல் பின்வரிசைகளைப் பார்த்து நிற்கும். அதனால் பியானோ அமுங்கிப் போகும். இருக்கை வரைபடத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மேசை எங்கே என்று பாருங்கள். ஒலிப் பொறியாளர் அங்கே இருந்து தன் காதில் விழுவதை வைத்துத்தான் சமன் செய்கிறார். அந்த மேசைக்கு முன்னால், நடுவில் உள்ள சில வரிசைகள்தான் என் தேர்வு. பல இடங்களில் இவை இரண்டாவது விலைப் பிரிவில் கிடைக்கும்.

ஊதுகருவிகள் நிறைந்த பெரிய குழுவான பிக் பேண்ட், லத்தீன் அமெரிக்கத் தாளங்கள் கலந்த லத்தீன் ஜாஸ் என்றால் கதையே வேறு. ஊதுகுழல் வரிசை சேர்ந்து முழங்கினால் கடைசிப் புல்வரை கேட்கும், காலும் சும்மா இருக்காது. 1956-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில், புகழ்பெற்ற பிக் பேண்ட் தலைவர் டியூக் எலிங்டன் குழுவின் பால் கான்சால்வஸ் டெனர் சாக்ஸபோனில் 27 சுற்று தொடர்ந்து தனியாக வாசித்தபோது, விலை உயர்ந்த இருக்கையில் இருந்த ஒரு பெண் எழுந்து ஆட, கூட்டமே எழுந்துவிட்டது. அப்படி ஒரு இரவில் நாற்காலி எண்ணுக்கு என்ன வேலை? புல்தரைதான் சுகம். ஆனால் சீக்கிரம் போக வேண்டும். மடக்கு நாற்காலிக்கு அனுமதி உண்டா, எவ்வளவு உயரம் வரை என்று முன்பே படித்துக்கொள்ளுங்கள். புல்தரைக்கென்று நடுவில் தனி ஸ்பீக்கர் கோபுரம் வைத்திருந்தால் பின்னால் இருந்தும் தெளிவாகக் கேட்கலாம்.

மழை விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே விதிதான். பல விழாக்கள் மழை பெய்தாலும் நடக்கும். நனைந்ததற்காகப் பணம் திரும்ப வராது, முழுதாக ரத்தானால்தான் வரும். நாற்காலிப் பகுதிக்குக் கூரை இருந்தால் மட்டும், மழைக்காலத்தில் நான் மறுபேச்சில்லாமல் அந்தப் பக்கம் சாய்வேன்.

எப்போது வாங்குவது? நடு நாற்காலிகள் முதலில் தீர்ந்துவிடும், அறிவிப்பு வந்ததும் எடுத்துவிடுங்கள். புல்தரை பெரும்பாலும் கடைசிவரை இருக்கும் என்பதால் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு எடுக்கலாம். வாசலில் விலை கூட்டுவார்களா என்று மட்டும் கேட்டு வையுங்கள். மறுவிற்பனையில் வாங்குவதானால் விழாக்காரர்களே நடத்தும் வழியில் மட்டும் வாங்குங்கள். கியூஆர் குறியீட்டின் படத்தை ஒரே ஆள் பத்துப் பேருக்கு விற்க முடியும், வாசலில் முதலில் காட்டுபவர்தான் உள்ளே போவார்.