பிக்கப்பில் செட் மாட்டப் போய்

விடியற்காலையில் இலவம்பாடியிலிருந்து வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் கத்திரிக்காய் லோடு ஓட்டுகிறவன் நான், பாட்டு இல்லாவிட்டால் கண் சொக்கும், அதனால் பிக்கப்பில் புது பாட்டு செட் மாட்ட டவுனில் ஒரு கடைக்குப் போனேன். என் டேஷ்போர்டில் இருப்பது 50 மி.மீ. உயர சிங்கிள் டின் (DIN, வண்டி செட்டுகளுக்கான பொது அளவு) ஓட்டை. அவர்கள் காட்டியதோ 100 மி.மீ. டபுள் டின் டச் ஸ்கிரீன். "வெட்டி மாட்டிடலாம்ணா" என்றார் ஓனர். நல்லவேளை, சம்மதிக்கவில்லை, சிங்கிள் டின்னே வாங்கினேன்.

அப்புறம் வண்டி ஒயரின் சாக்கெட் செட்டோடு பொருந்தவில்லை. அடாப்டர் கேபிள் போடுங்கள் என்றால், "அதெல்லாம் எதுக்குண்ணா" என்று ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றிவிட்டான் கடைப் பையன். வீட்டுக்கு வந்து சாவியை அணைத்தால் கடிகாரம், சேமித்த ஸ்டேஷன் எல்லாம் அழிந்துபோகிறது. செட்டின் மஞ்சள் ஒயருக்கு எப்போதும் பேட்டரி கரண்ட் வரவேண்டும், சிவப்புக்குச் சாவி போட்டால் மட்டும். இரண்டையும் மாற்றிக் கொடுத்திருக்கிறான். எஃப்.எம். வேறு கொரகொர, ஆன்டெனா பிளக் பாதிதான் செருகியிருந்தது.

மறுநாள் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தார்கள், அதையும் சொல்லணும். ஆனால் அரை நாள் லோடு போச்சு. செட்டின் சத்தம் அருமை, ஃபிட்டிங்குக்கு ஐந்துக்கு இரண்டுதான்.